உச்சிவெயிலில் ஒரு பாலிஷ்

அத்தியாயம் 9

லொள்ளு காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. இது சாதாரண விஷயமில்லை. பல் பிடுங்கிக்கொண்ட அன்றே வாய் நிறையப் பஞ்சோடு கம்பவுண்டரைக் கிண்டலடித்துவிட்டு வந்த ஆள் அவன். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது. மற்றபடி ஊருக்கும் போலீசுக்கும் அவன் லொள்ளுதான்.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மேடம் அவன் பக்கம் திரும்பவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாதி ஆயுள் அடுத்தவர்களின் பொய்களைச் சலித்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். கோபம் வந்தால் கத்த மாட்டார். கியரை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் போடுவார். அன்று ஒவ்வொரு கியரும் லொள்ளுவின் மண்டையில் விழுந்தது.

"நேத்து நீ சொன்னதை இன்ஸ்பெக்டர் போன்ல சொன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார். உன் வாயால ஒரு தடவை கேக்கணும், சொல்லு."

"வேணாம் மேடம்."

"சொல்லு."

லொள்ளு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கறுப்பு வண்டிய உச்சி வெயில்ல பாலிஷ் போடுறவன் ஒண்ணு கிறுக்கனா இருக்கணும், இல்ல எதையாவது மறைக்கிறவனா இருக்கணும். இவரைப் பாத்தா கிறுக்கன் மாதிரி தெரியலையே."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"டிரைவர்?"

டிரைவர் சிரிக்கவில்லை. டிரைவரின் அந்த முகம்தான் அவனை ராத்திரி முழுக்கப் புரளவைத்தது.

நடந்தது இதுதான். மரக்கடை வாட்ச்மேனை விடியற்காலையில் ஏதோ ஒரு கார் உரசி, சாக்கடைக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டது. மேலே புதர் மூடிய சாக்கடை. வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார் என்று கடையில் நினைத்தார்கள். கடையில் இருப்பார் என்று வீட்டில் நினைத்தார்கள். சாயங்காலம் தெருப் பெருக்க வந்தவர் கண்ணில் படும்வரை அவர் அங்கேயே கிடந்திருக்கிறார். இப்போது ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். இடித்தவனைக் கண்டுபிடிக்கச் சொல்லி மரக்கடை முதலாளி மேடத்திடம் வந்தார். கையில் இருந்தது ஒரே ஒரு துப்பு. அன்று விடியற்காலையில் ஒரு கறுப்பு கார் பல் டாக்டரம்மா வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதை பேக்கரிக்காரர் பார்த்திருந்தார்.

அந்தத் தெருவில் கறுப்பு கார் இருக்கும் வீடு டாக்டரம்மா வீடு மட்டும்தான். அங்கே இரண்டு கார். ஒன்று டாக்டரம்மாவுடையது. இன்னொன்று அவருடைய தம்பியுடையது, பேட்டரி போய் ஒரு வாரமாக உறை போட்டு நிற்கிறதாம். நேற்று வாட்ச்மேனைப் பார்க்க மேடம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால் இன்ஸ்பெக்டரோடு லொள்ளு மட்டும்தான் போனான். டாக்டரம்மாவின் கார் உடம்பெல்லாம் தூசியாக இருக்க, முன்பக்கம் இடது சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு மட்டும் பளபளவென்று மின்னியது. இன்ஸ்பெக்டர் கேட்டதும் டிரைவர் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தார். பிறகு, நான்தான் துடைத்தேன், பறவை எச்சம் இருந்தது என்றார். முந்தின நாள் மத்தியானம் கொளுத்துகிற வெயிலில் டிரைவர் அதைத் தேய்த்துக்கொண்டிருந்ததை மாடியிலிருந்து பார்த்ததாக டாக்டரம்மாவின் தம்பி சொன்னார். உங்க மேடம் வண்டிக்குப் பாலிஷ் போடுற ஆள் நீதானே, நீ என்ன சொல்றே என்று இன்ஸ்பெக்டர் லொள்ளுவைக் கேட்டார். லொள்ளு சொல்லிவிட்டான். சிரிப்பு அடங்குவதற்குள் டிரைவரின் தோளில் கை விழுந்துவிட்டது.

"சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க. அங்கேருந்து ஜெயில்தான். நீ சொன்னதை ஸ்டேஷன்ல ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி, இப்ப அதுதான் சாட்சி மாதிரி ஆகிப்போச்சு," என்றார் மேடம்.

லொள்ளுவுக்கு நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போல இருந்தது. ஒரு கைதட்டலுக்கு ஆசைப்பட்டு ஒரு மனுஷனை உள்ளே தள்ளிவிட்டானே.

டாக்டரம்மா வீட்டு முற்றத்தில் நிழல் என்று இருந்தது ஒரு பெரிய நாவல் மரத்தின் நிழல்தான். அதன் கீழே டாக்டரம்மாவின் கார் நின்றது. அதற்குப் பக்கத்தில் சாம்பல் நிற உறைக்குள் தம்பியின் கார். தரையெல்லாம் பழம் விழுந்து நசுங்கிக் கிடந்தது. வெயில் ஏற ஏற நிழல் விலகிப்போய், டாக்டரம்மா காரின் முன்பக்கம் முழுக்க வெயிலில் இருந்தது.

"டிரைவர் ரெண்டு விஷயம் சொன்னார். நான்தான் துடைச்சேன்னார். பறவை எச்சம்னார்," என்றார் மேடம். "எனக்கு அந்த ஆளைத் தெரியாது. ஆனா பொய் சொல்றவங்க பெரும்பாலும் ஒரு பொய்க்குப் பக்கத்துல ஒரு நிஜத்தையும் வெச்சுத்தான் சொல்லுவாங்க. இதுல எது பொய்?"

"எச்சம்தான் பொய்னு நேத்து நினைச்சேன்."

"இன்னைக்கு நினைக்காதே, பாரு."

லொள்ளு குனிந்து பார்த்தான். மேடத்தின் காரும் கறுப்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்குப் பாலிஷ் போடுவது அவன் தலையெழுத்து. விடியுமுன் போட வேண்டும். புறங்கையைத் தகட்டில் வைத்துப் பார்த்துச் சுட்டால் தண்ணீர்கூடப் படக் கூடாது. வெயிலில் போட்டால் மெழுகு பரவுவதற்குள் காய்ந்து ஓரமெல்லாம் வெள்ளைத் திட்டு நிற்கும். துணியை முன்னேயிருந்து பின்னே நேராகத்தான் இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் முடி முடியாகக் கீறல் விழும். வெள்ளைக் காரில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. கறுப்பில் வெயில் பட்டதும் சிலந்தி வலை பின்னியது போல அப்படியே தெரியும். இதையெல்லாம் மேடம் வருஷக்கணக்காக அவன் காதில் ஓதியிருக்கிறார். அவன் வருஷக்கணக்காக முனகிக்கொண்டே செய்திருக்கிறான்.

இப்போது அவன் கண்ணெதிரே, பளபளத்த அந்த இடம் முழுக்க வட்டங்கள். வட்டத்துக்குள் வட்டம். ஓரத்தில் வெள்ளைத் திட்டு. அவன் எழுந்து நிழலில் இருந்த பின்கதவுக்கு ஓடினான். தூசி குறைவாக இருந்த இடத்தில் பக்கவாட்டில் பார்த்தான். ரூல் தடி வைத்து இழுத்தது போல் எல்லாம் நேர்கோடு.

"இது அவர் கை இல்ல மேடம்," என்றான். "வண்டி பூரா நேரா இழுத்திருக்கார். இந்த ஒரு இடத்துல மட்டும் வேற யாரோ சுத்திச் சுத்தித் தேய்ச்சிருக்காங்க. நேத்தே தெரிஞ்சிருக்கும். குனிஞ்சு பாக்கல."

"பேசுறதுக்கு நிமிர்ந்து நிக்கணும் இல்லையா, அதான்," என்றார் மேடம்.

இதைவிட அவர் ஓர் அறை அறைந்திருக்கலாம்.

அப்படியானால் டிரைவர் சொன்ன பொய் 'நான்தான் துடைச்சேன்' என்பதுதான். வேறு யாரோ செய்த காரியத்தை மனுஷன் எதற்குத் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்? லொள்ளு இதை யோசித்துக்கொண்டே மேடத்தின் பின்னால் சமையலறை வாசல் வரை போனான். அங்கே டிரைவரின் மனைவி மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுச் சமையல் அவள் பொறுப்பு. பின்பக்க அறையில்தான் இருவருக்கும் குடியிருப்பு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. வலது உள்ளங்கையில் துணிக்கட்டு. இடது கையால் துடைத்தாள். கை சுத்திச் சுத்தி வந்தது.

லொள்ளு அந்தக் கையைப் பார்த்தான். மேடத்தைப் பார்த்தான். மேடமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையில என்னக்கா காயம்?" என்று கேட்டான்.

"அடுப்புல சுட்டுக்கிட்டேன்."

"உள்ளங்கை பூராவுமா?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார். "அடுப்புல விரல் சுடும். உள்ளங்கை பூரா சுடணும்னா சூடான தகட்டுல கையை ஊன்றித் தேய்க்கணும். கறுப்புத் தகடு மத்தியான வெயில்ல தோசைக்கல்லு மாதிரி காயும்மா."

அவள் துணியைக் கீழே வைத்தாள். மறுக்கவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போல அழ ஆரம்பித்தாள். சொன்னதெல்லாம் அழுகைக்கு நடுவேதான். முந்தாநாள் மத்தியானம் அவள் வெளியே போய்ப் பார்த்தபோது காரின் முன்பக்கத்தில் ஈரத்துணி ஒன்று போர்த்தியிருந்தது. தூக்கிப் பார்த்தாள். வெள்ளைத் துணி முழுக்கச் சிவப்பு. கார் கறுப்பு, அதில் ஒன்றும் தெரியவில்லை. துணியில்தான் தெரிந்தது. கை கால் ஓடவில்லை. புருஷனுடைய பாலிஷ் டப்பாவை எடுத்துவந்து, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பது போலத் தேய்த்தாள். கை வெந்தது பிறகுதான் உறைத்தது. துணியை எரித்துவிட்டாள்.

"அவரு அப்ப தூங்கிட்டிருந்தாரு," என்றாள். "ஒரு ஆளை இடிச்சுத் தள்ளிட்டு எப்படித்தான் தூக்கம் வருதோன்னு அவரைப் பாத்து நினைச்சேன். கட்டினவளே அப்படி நினைச்சுட்டேன். ஒரு வார்த்தை கேக்கல."

"அவரும் கேக்கல, இல்லையா?"

"எழுந்து வந்து வண்டியப் பாத்தாரு. என் கையப் பாத்தாரு. ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாரு."

மேடம் அவளை முற்றத்துக்கு அழைத்துப் போனார். மரத்தடியில் கிடந்த ஒரு நாவல் பழத்தை எடுத்துத் தன் வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து நசுக்கினார். கொஞ்சம் தண்ணீர் விட்டார். கைக்குட்டை முழுக்கச் சிவப்பும் ஊதாவுமாகப் பரவியது.

"பறவை இதைத் தின்னுட்டு வண்டி மேல போட்டா இப்படித்தான் இருக்கும். வெயில்ல விட்டா எச்சம் பெயிண்ட்டையே அரிச்சிடும். விஷயம் தெரிஞ்சவங்க அதைத் தேய்க்க மாட்டாங்க. ஈரத்துணியப் போட்டு ஊறவிட்டு, அப்புறம் மெதுவா எடுப்பாங்க. உன் வீட்டுக்காரர் அதைத்தான் பண்ணிட்டு, ஊறட்டும்னு போய்ப் படுத்திருக்கார்."

அவள் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எச்சம்னு சொன்னாராமே, நிஜத்தைத்தான் சொன்னாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நானே அவரை உள்ளே தள்ளிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்லக்கா," என்றான் லொள்ளு. "அவர் நிஜத்தைச் சொன்னப்ப எல்லாரையும் சிரிக்கவெச்சது நான். அந்தச் சிரிப்புல அது அமுங்கிப்போச்சு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

டிரைவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் இப்போது விளங்கியது. வட்டத்தைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. நான் துடைக்கவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி யார் துடைத்தது என்பதுதான். தடயத்தை அழித்ததாக அவளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அதற்குத் தானே போய்விடலாம் என்று மனுஷன் போயிருக்கிறார். அவள் அவருக்காக வாயைப் பொத்தினாள், அவர் அவளுக்காக. இடையில் வாயைத் திறந்தது லொள்ளு ஒருவன்தான்.

"சரி, ஸ்டேஷனுக்குப் போலாம் மேடம்," என்று அவசரப்பட்டான். "இன்ஸ்பெக்டர்கிட்ட இதைச் சொன்னா விட்டுடுவார்."

"விட மாட்டார். பழக்கறைன்னு நாம சொல்றோம். ரத்தம்னு அவர் சொல்வார். துணி சாம்பலாயிடுச்சு. பொண்டாட்டி புருஷனுக்காக எதையும் சொல்லுவான்னு சேர்த்து எழுதிக்குவார்." மேடம் டிரைவரின் மனைவிக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். "நீ துணியைத் தூக்கினதும் ரத்தம்னு ஏன் நினைச்சே? சிவப்பா ஏதோ ஒட்டியிருக்குன்னு நினைக்காம, ரத்தம், ஒரு ஆளை இடிச்ச ரத்தம்னு எப்படித் தோணிச்சு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மரக்கடை வாட்ச்மேன் அடிபட்டது தெருவெல்லாம் பேச்சாக இருந்தது என்றாள்.

"தெரு பேசினது சாயங்காலம்மா. அதுக்கு முன்னாடி அவர் சாக்கடையில கிடந்தது யாருக்குமே தெரியாது. நீ தேய்ச்சது மத்தியானம்."

முற்றத்தில் ஒரு பழம் விழுந்த சத்தம் கேட்டது.

"யாருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கே?" என்று மேடம் கேட்டார்.

"அவரு நல்லதுக்குத்தான் சொன்னாரு," என்றாள் அவள். "உன் புருஷன் மரக்கடை வாட்ச்மேனை இடிச்சுட்டான், வண்டியில ரத்தம் இருக்கு, போலீஸ் வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணு, நான் சொன்னேன்னு மட்டும் வெளிய சொல்லிடாதே, அக்காவுக்குத் தெரிஞ்சா உங்க ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்னு சொன்னாரு. மாடியிலேருந்து இறங்கி வந்து சொன்னாரு. எங்க மேல அவருக்கு எவ்வளவு அக்கறைன்னு நினைச்சேன்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டரம்மாவின் தம்பி சிரித்த முகத்தோடு இறங்கி வந்தார். வாரிய தலை, மடிப்புக் கலையாத சட்டை. ஏதாவது கிடைத்ததா மேடம் என்று விசாரித்தார். பாவம், டிரைவர் நல்ல ஆள்தான், என்ன போதாத வேளையோ என்று வருத்தப்பட்டார். டிரைவரின் மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து தள்ளி நின்றாள்.

மேடம் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். உங்க வண்டியும் கறுப்புதானே, எத்தனை நாளா உறைக்குள்ள இருக்கு என்று சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"ஒரு வாரம் ஆச்சு. பேட்டரி போயிடுச்சு."

"அன்னையிலேருந்து இதே மரத்தடியிலயா?"

"வேற எங்க நிழல் இருக்கு."

லொள்ளுவின் கண் தானாக உறைமேல் போனது. பக்கத்துக் காரில் ஒரே காலையில் டிரைவர் துணி போடும் அளவுக்கு எச்சம். தரையெல்லாம் பழச்சேறு. ஒரு வாரம் இந்த மரத்தடியில் நின்ற உறை இந்நேரம் ஊதாச் சாயம் தோய்த்த மாதிரி ஆகியிருக்க வேண்டும். இதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பொட்டுகள்தான். முந்தாநாள் போட்ட உறை இது. வாட்ச்மேன் சாக்கடையில் கிடந்த அன்றைக்குப் போட்டது.

சொல்வதற்கு அவன் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. உங்க வீட்டுப் பறவைங்க ஆள் பாத்துத்தான் போகும் போல சார். நல்ல வாக்கியம். நேற்றாக இருந்தால் சொல்லியிருப்பான். விழுங்கிவிட்டான்.

"உறையைக் கொஞ்சம் எடுக்கலாமா?" என்றார் மேடம்.

"சாவி எங்கேயோ வெச்சுட்டேன் மேடம், தேடணும்."

"சாவி கேக்கல. உறையைத்தான் கேட்டேன்."

தம்பியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை. லொள்ளு யாரையும் கேட்காமல் உறையின் நுனியைப் பிடித்து இழுத்தான். தூசியோடு இருந்த வண்டிமேல் அவசரமாகப் போர்த்திய உறை. இழுத்த இழுப்பில் பெயிண்ட்டெல்லாம் கீறியது அவன் பல்லில் கூசியது. கறுப்பு கார் வைத்திருக்கிற எவனும் கழுவாத வண்டிக்கு உறை போட மாட்டான், எதையாவது மறைக்க வேண்டியிருந்தால் தவிர. முன்பக்க விளக்கு உடைந்திருந்தது. கீழே ஒடுங்கிய தகட்டின் இடுக்கில், மரக்கடை வாட்ச்மேன்கள் போடும் காக்கிச் சட்டையின் கிழிந்த நுனி ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது.

தம்பி வாசலைப் பார்த்தார். மேடத்தின் கார் வாசலை அடைத்து நின்றது. வரும்போதே அவர் அதை அப்படித்தான் நிறுத்தியிருந்தார்.

"நினைச்சு இடிக்கல," என்றார் தம்பி. "இருட்டா இருந்துச்சு. விழுந்தவர் எழுந்து போயிடுவார்னு நினைச்சேன்."

"மத்தியானம் வரைக்கும் எழுந்து போகலன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அதனாலதான் மாடியிலேருந்து சிவந்த துணியப் பாத்ததும் இவகிட்ட வந்து ரத்தம்னு சொல்லியிருக்கீங்க," என்றார் மேடம். "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஆஸ்பத்திரியில அந்த மனுஷன் இந்நேரம் கண்ணைத் திறந்திருப்பார்."

மேடம் போன் செய்ததும் கிளினிக்கிலிருந்து டாக்டரம்மா ஓடிவந்தார். உடைந்த விளக்கைப் பார்த்தார், பிறகு டிரைவரின் மனைவியின் கைக்கட்டைப் பிரித்து மருந்து போட ஆரம்பித்தார்.

ஸ்டேஷனுக்கு லொள்ளு தனியாகப் போனான். நீ போய்ச் சொல்லு, சொல்ல வேண்டியது நீதான் என்று மேடம் அனுப்பிவிட்டார். வாசலில் ஒரு கான்ஸ்டபிள் யாரோ ஒருவரிடம், ஒண்ணு கிறுக்கனா இருக்கணும், இல்ல எதையாவது மறைக்கிறவனா இருக்கணும் என்று கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லொள்ளு அவர்களைத் தாண்டி உள்ளே போனான். இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, நேற்று நான் சொன்னது தப்பு என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். இன்ஸ்பெக்டர் இரண்டு போன் பேசினார். அவருக்கும் வெட்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும், சாவிக் கொத்தை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

வெளியே வந்த டிரைவர் குனிந்து செருப்பை மாட்டினார். ஒரே ராத்திரியில் ஆள் சுருங்கியிருந்தார். அவர் முதலில் கேட்டது, "அவ கை எப்படி இருக்கு?"

மருந்து போட்டிருக்கிறது, டாக்டரம்மாவே போட்டார், சீக்கிரம் ஆறிவிடும் என்றான் லொள்ளு. டிரைவர் தலையாட்டினார். இரண்டு பேரும் வாசலை நோக்கி நடந்தார்கள். ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு தயார் பண்ணிய மன்னிப்பில் ஒரு வார்த்தைகூட லொள்ளுவுக்கு வாயில் வரவில்லை.

"மன்னிச்சிடுங்கண்ணே," என்றான் கடைசியில். "சிரிக்கவைக்கணும்னு சொன்னேன். வேற ஒண்ணும் நினைக்கல."

வாசலில் அந்தக் கான்ஸ்டபிள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். டிரைவர் அவரையும் பார்த்தார், லொள்ளுவையும் பார்த்தார்.

"நல்ல ஜோக்தான் சார்," என்றார் கான்ஸ்டபிளிடம். "நேத்து நிக்கவெச்சிருந்தது வேற ஒருத்தனா இருந்திருந்தா, நானும் சிரிச்சிருப்பேன்."